கேட்டு வாங்குங்கள்: படத்தில் வீரன், பெட்டியில் தகடு

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு வாசகர், "ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் வெள்ளை விண்வெளிப் போர்வீரன் கவசம், வேஷம் போடுவதற்கு, நாமே சேர்த்து முடிக்கும் பிளாஸ்டிக் கிட்டாகக் கிடைக்கிறதாமே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். "வேலூர் வெயிலில் வேறு வேலை இல்லையா?" என்று ஒரே வரியில் துரத்திவிட்டேன். தப்பு. அதன் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்தால், காட்பாடியிலிருந்து திருப்பத்தூர் வரை வீட்டுக்கு வீடு வெள்ளைத் தகடு அறுத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. இந்த வாரம் முழுக்க அதுதான். மிக்சி, குக்கர் கடிதக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கே: கல்லூரி விழாவுக்காக இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 18,500 ரூபாய் கட்டி முழுக் கவசம் வாங்கினேன். படத்தில் தலை முதல் கால் வரை கவசம் பூண்ட வீரன் நிற்கிறான். பெட்டியில் வந்தவை வெட்டாத பிளாஸ்டிக் தகடுகள். வார் இல்லை, பக்கிள் இல்லை, எதை எதோடு சேர்ப்பது என்று ஒரு தாள்கூட இல்லை. கேட்டால், "கிட் என்றால் இப்படித்தான் தம்பி" என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
மாணவர், காட்பாடி

ப: அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, தம்பி. இந்தக் கவசங்களைச் செய்யும் முறையே அப்படித்தான். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி இளக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சோடு ஒட்டி அதன் உருவத்தை எடுத்துக்கொள்ளும். பிஸ்கட் பொட்டலத்துக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தட்டும் இப்படிப் பிறந்ததுதான். அச்சிலிருந்து எடுத்ததும் சுற்றிலும் மிச்ச விளிம்பு நிற்கும். அதை வெட்டி, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, முன்பாதியையும் பின்பாதியையும் ஒட்டி, வார் பூட்டுவதெல்லாம் வாங்குகிறவர் பொறுப்பு. பழகிய கைக்கே வாரக்கணக்கில் வேலை.

ஆனால் இதையெல்லாம் பணம் வாங்குவதற்கு முன் அவர் சொன்னாரா? இல்லை. முடித்த கவசத்தின் படத்தைக் காட்டி முடிக்காத தகட்டை அனுப்பியிருக்கிறார். விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். அந்த விளம்பரப் படத்தை இன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை அது மாறிவிடும். விற்பனையாளருக்கு எழுத்தில் கேட்டு அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அவர் எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

முக்கியமாக, ஒரு தகட்டையும் வெட்டிவிடாதீர்கள். கத்தரிக்கோல் பட்ட பொருளை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். பெட்டி வந்த அன்றே தரையில் பரப்பி எண்ணிவிடவும் வேண்டும். என் மகனுக்காக நான் ஒரு முறை இதே போன்ற கிட்டைப் பாதி விலைக்கு வாங்கி, மூன்று மாதம் அலமாரியின் மேல் போட்டுவைத்திருந்தேன். பிரித்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே மாட்டும் தகடுகள் இரண்டுமே இடது கால். ஒன்று இப்போது எங்கள் வீட்டுக் குடைத் தாங்கி.

கே: கவசத்தோடு வந்த ஹெல்மெட் நன்றாக, கனமாகவே இருக்கிறது. இரு சக்கர வாகனத்தில் போகும்போது அணியலாமா?
வாசகர், சத்துவாச்சாரி

ப: கூடாது. ஐஎஸ் 4151 என்ற எண்ணும் ஐஎஸ்ஐ முத்திரையும் உள்ள ஹெல்மெட்டை வாங்குங்கள். இதைச் சுவரில் மாட்டுங்கள்.

கே: ஒரே படம், இரண்டு விற்பனையாளர்கள். ஒருவர் 9,000 சொல்கிறார், இன்னொருவர் 22,000 சொல்கிறார். எது நல்ல கிட்?
வாசகர், ஆற்காடு

ப: படத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வது? இரண்டு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தகட்டின் கனம் எத்தனை மில்லிமீட்டர்?

இந்தக் கனம் விஷயத்தில் எனக்கு ஒரு நாள்பட்ட கோபம் உண்டு, கொட்டித் தீர்க்க இடம் கொடுங்கள். என் பாட்டி லாங்கு பஜாருக்கு அண்டா வாங்கப் போனால், விலையை முதலில் கேட்கவே மாட்டார். விரல் முட்டியால் அண்டாவின் வயிற்றில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. பிறகு தராசில் ஏற்றச் சொல்வார். முள் நின்ற பிறகுதான் பேரம். பித்தளைக்கு அப்படி இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், பிளாஸ்டிக் வந்ததும் தட்டுவதையும் விட்டோம், நிறுப்பதையும் விட்டோம். நாற்காலியை நிறம் பார்த்து வாங்குகிறோம். பிளைவுட்டை அதன் மேல் ஒட்டிய பூவேலையைப் பார்த்து வாங்குகிறோம். நான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை "மூன்று அடுக்கு" என்ற ஸ்டிக்கரைப் படித்தே வாங்கினேன். மூன்று அடுக்கும் சேர்ந்து எவ்வளவு கனம் என்று கேட்கத் தோன்றவில்லை. இரண்டாம் கோடையில் விரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்து, "வெயில் சார்" என்றார், ஏதோ வெயில் அந்த ஆண்டுதான் முதல் முறையாக வேலூருக்கு வந்தது போல.

கவசத்துக்கு வருவோம். பொதுவாக 1.5 முதல் 2 மில்லிமீட்டர் தகட்டில் செய்வார்கள். இதில் ஒரு சூது: அது அச்சில் ஏற்றுவதற்கு முந்தைய கனம். சூட்டில் இழுபடும்போது ஆழமான மூலைகளில் தகடு மெலிந்துவிடும், ரொட்டி மாவை இழுத்தால் நடு மெலிவது போல. ஒரு மில்லிமீட்டர் தகட்டை இழுத்தால் முகவாய்க்கட்டை, தோள் வளைவு ஆகிய இடங்களில் காகிதம்தான் மிஞ்சும். கையில் கிடைத்ததும் ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் அதிகமாக ஊடுருவும் இடம் விரிசல் விடப்போகும் இடம்.

அடுத்தது, என்ன பிளாஸ்டிக் என்பது. ஏபிஎஸ் என்றால் சூட்கேஸ், மோட்டார் சைக்கிள் பக்கத் தகடு ஆகியவற்றில் வரும் சரக்கு, அடி தாங்கும். ஹிப்ஸ் என்ற இன்னொன்று விலை குறைவு, அச்சில் அழகாக வரும், ஆனால் எளிதில் உடையும். வெட்டி எறிந்த விளிம்பில் ஒரு துண்டை அனுப்பச் சொல்லி மடித்துப் பாருங்கள். நல்ல ஏபிஎஸ் மடித்த இடத்தில் வெளுக்கும், சட்டென்று முறியாது. துண்டு அனுப்ப மறுக்கிறவரிடம் 9,000-க்கும் வாங்க வேண்டாம், 22,000-க்கும் வாங்க வேண்டாம்.

கே: என் மகன் கவசத்தை ஒட்டும்போது சூப்பர் குளூ அவன் பருத்திக் காற்சட்டையில் கொட்டிவிட்டது. புகை வந்து தொடையில் கொப்புளமே போட்டுவிட்டது. போலிப் பசையாக இருக்குமோ?
ஒரு தாய், குடியாத்தம்

ப: போலி இல்லை அம்மா, அசல் பசையின் குணமே அதுதான். சயனோஅக்ரிலேட் என்ற அந்த ரசாயனம் பஞ்சிலும் பருத்தியிலும் பட்டால் வேகமாக இறுகும், இறுகும்போது கடுமையான சூடு கக்கும். தோல் வெந்துவிடும். இந்த எச்சரிக்கை பாட்டிலில் எறும்புக்கால் எழுத்தில் இருக்கும், அல்லது இருக்காது. பையன் மேல் குற்றமில்லை, திட்ட வேண்டாம். புண் ஆறும்வரை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அவனுக்கு மெதுவாக இறுகும் ரப்பர் போன்ற பசையை வாங்கிக் கொடுங்கள். ஒட்டி, துணிக் கிளிப் போட்டு, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். கோணலாக ஒட்டினால் பிரித்து மறுபடி ஒட்டவும் முடியும், சூப்பர் குளூவில் அது நடக்காது. மடியில் வைத்து ஒட்டும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கே: என் உயரம் 5 அடி 4 அங்குலம், எடை 92 கிலோ. கவசம் மார்பில் மூடவில்லை, தொடையில் ஏறவில்லை, ஆனால் கால் தகடு முழங்காலுக்கு மேலே வந்து இடிக்கிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டது. எப்படிப் புகார் செய்வது?
வாசகர், திருப்பத்தூர்

ப: நீங்கள் இணைத்திருந்த விளம்பரத்தில் "5 அடி 8 அங்குலம் முதல் 6 அடி வரை, நடுத்தர உடல்வாகு" என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அளவு எடுத்துப் பார்த்தீர்களா? தையல்காரரிடம் சட்டைக்கு இரண்டு முறை அளவு கொடுக்கிறோம், இருபதாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு ஒரு டேப் எடுக்க முடியவில்லை. புகாருக்கு இடமில்லை.

கவசத்தைக் காப்பாற்ற வழி இருக்கிறது. நீளத்தை வெட்டிக் குறைக்கலாம், ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அகலத்துக்கு, மூட்டும் இடத்தில் உள்பக்கம் ஏபிஎஸ் பட்டை வைத்து ஒட்டி இடைவெளி விட்டு, வெட்டி எறிந்த துண்டுகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கிப் பட்டி பார்த்துத் தேய்த்துவிடலாம். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பு எரியும் அறையில் செய்துவிட்டு எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கே: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் "பரிசு" என்று எழுதி அனுப்புகிறேன், சுங்க வரி வராது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், சோளிங்கர்

ப: இல்லை. பரிசுப் பொருளுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் விதிவிலக்கு. உங்கள் கவசம் இரண்டுமில்லை. கூரியர் கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய கம்பெனிகள் பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையே கிலோவாகக் கணக்கிடுகின்றன. உள்ளே இருக்கும் காற்றுக்கும் சேர்த்துப் பணம்.

கே: வார், பக்கிள், டிச் பட்டன் எல்லாம் தனிப் பொட்டலமாம், 4,000 ரூபாய் கேட்கிறார்கள். நான் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். நானே செய்யலாமா?
வாசகர், ஆம்பூர்

ப: ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு வாருக்கும் பக்கிளுக்கும் 4,000 ரூபாய் கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் உங்கள் கடிதங்களைப் பிரிப்பதையே நிறுத்திவிடுவேன். நீங்கள் செய்யுங்கள், நண்பர்களுக்கும் செய்து கொடுத்துக் கூலி வாங்குங்கள். தோள், கை மூட்டுகளில் மட்டும் தோல் வேண்டாம், அகல எலாஸ்டிக் போடுங்கள். தோல் வார் இழுபடாமல் நின்று தகட்டைக் கிழித்துவிடும். ரிவெட் அடிக்கும் இடத்தில் உள்பக்கம் இன்னொரு துண்டு ஏபிஎஸ் ஒட்டிக் கனம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கே: 6,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் "அசல் கவசம்" என்று சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
வாசகி, வாலாஜாபேட்டை

ப: எந்த அசல்? 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தின் வெள்ளை வீரர்களுக்கே இப்படிச் சூடாக்கி உறிஞ்சிய பிளாஸ்டிக்தான். பதிப்புரிமை வழக்கு ஒன்றில், அந்த ஹெல்மெட்டைச் சிற்பமாகக் கொள்ள முடியாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பே சொன்னது. 501-ஆவது லீஜியன் என்று 1997-இல் தொடங்கிய உலகளாவிய ரசிகர் சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் உறுப்பினராக ஏற்க, நீங்கள் கவசம் அணிந்து நிற்கும் படங்களைத்தான் பார்ப்பார்கள், விற்றவரின் சான்றிதழை அல்ல. சான்றிதழுக்குப் பதிலாக நல்ல பில் ஒன்று தரச் சொல்லுங்கள். அது இலவசம் என்பதை அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

கே: மே மாதம் காரின் பின் இருக்கையில் வைத்திருந்தேன். மார்புத் தகடு நெளிந்துவிட்டது, பசை விட்டுவிட்டது. வாரன்டியில் மாற்றித் தருவார்களா?
வாசகர், ராணிப்பேட்டை

ப: மாட்டார்கள். ஏபிஎஸ் நன்றாக இளக நூறு டிகிரி பக்கம் வேண்டும் என்றாலும், பூட்டிய காருக்குள் பளுவின் கீழ் கிடக்கும் மெல்லிய தகடு அதற்கு வெகு முன்பே படுத்துவிடும். கொதிக்கும் தறுவாயில் உள்ள நீரில் நெளிந்த இடத்தை அமிழ்த்தி, கையுறையோடு மெல்ல அழுத்தி நேராக்குங்கள், பச்சைத் தண்ணீரில் காட்டினால் அப்படியே நிற்கும். வெயிலில் காயவைக்காதீர்கள். வெள்ளை ஏபிஎஸ் வெயில் பட்டுப்பட்டுப் பழைய பியானோக் கட்டை நிறத்துக்குப் போய்விடும்.

நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்கள். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செய்வார்கள், அவ்வளவு இலேசான மரம். அதையும் இரவில்தான் பூட்டுவார்கள், விடிந்தால் கழற்றிவிடுவார்கள். பிளாஸ்டிக்குக்குள் மூச்சுமுட்டி நண்பகலில் நிற்கப்போகிறவர்கள் ஹெல்மெட்டுக்குள் பவர் பேங்கில் ஓடும் சிறு விசிறி ஒன்றாவது பொருத்துங்கள், கவசத்தைக் கழற்றத் தெரிந்த ஒருவரைத் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நிறுத்துங்கள்.

கே: ஒன்பது வயதுப் பேரன் இதே கவசம் வேண்டும் என்று சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான். என் ஓய்வூதியத்தில் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்க?
தாத்தா, பேரணாம்பட்டு

ப: கிட் எதையும் வாங்காதீர்கள் ஐயா. அடுத்த ஆண்டு அவன் தோள் அதில் நுழையாது. செருப்பு, ஷூ அடிக்கு வைக்கும் ஈவிஏ ஷீட் ஆம்பூரில் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு மூன்று ஷீட் வாங்குங்கள். பழைய செய்தித்தாளில் அவன் உடம்புக்கு அளவு வெட்டி, ஷீட்டில் வரைந்து, புதிய பிளேடு போட்ட கட்டரால் நீங்களே வெட்டுங்கள். செருப்புக்கடைச் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, பிசுபிசுப்பு அடங்கும் வரை காத்திருந்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த வாடை பிள்ளைக்கு ஆகாது. பெயின்ட் அடிக்கும் வேலையை அவனிடம் விட்டுவிடுங்கள். சாப்பிட்ட பிறகு.