ஹைடல்பர்க்: காலையில் கோட்டை, மாலையில் அக்கரை

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஜூன் மாத நடுவில் பிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் மகள் வீட்டுக்குச் செல்கிறோம். அங்கிருந்து நெக்கார் ஆற்றங்கரையிலுள்ள ஹைடல்பர்க் நகரைப் பார்த்துவர ஆசை. எனக்கு வயது 66. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். ஒரே நாளில் போய்வந்துவிடலாமா?"

போய்வரலாம். ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனாலும் ஓர் இரவு தங்குங்கள் என்றே சொல்வேன். கோட்டை ஆற்றின் தென்கரையில், மலையின் வடக்குச் சரிவில் நிற்கிறது. அதை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால் ஆற்றைக் கடந்து வடகரைக்குப் போக வேண்டும். முற்பகலில் அங்கே நின்றால் சூரியன் கோட்டைக்குப் பின்னால் இருப்பதால் கறுத்த உருவம் மட்டுமே தெரியும். மாலை ஆறு மணிக்கு மேல் மேற்கு வெயில் நேராக விழுந்து, அந்தச் செம்மணற்கல் சுவர்கள் செங்கல் சூளைபோலச் சிவக்கின்றன. ஜூன் நடுவில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். ஒரு நாள் சுற்றுலாவில் வந்த கூட்டத்தில் பெரும்பகுதி அதற்குள் பேருந்தேறிப் போயிருக்கும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. தலைமை ரயில் நிலையம் பழைய நகரத்தில் இல்லை, இரண்டரை, மூன்று கிலோமீட்டர் தள்ளி மேற்கே இருக்கிறது. டிராம் பிடித்துப் பிஸ்மார்க் சதுக்கத்துக்கு வந்துவிடுங்கள். விடுதியையும் அந்தச் சதுக்கத்தின் அருகிலேயே பிடிப்பது நல்லது. பழைய நகரத்துச் சந்துகளிலுள்ள விடுதிகள் பார்க்க அழகானவை, ஆனால் அவற்றில் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. அங்கே 'முதல் மாடி' என்று எழுதியிருந்தாலும் ஒரு படிக்கட்டு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதால், முன்பதிவு செய்யும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கோட்டைக்குப் போங்கள். கோர்ன்மார்க்ட் சதுக்கத்துக்கு அருகிலிருந்து இழுவை ரயில் மேலே செல்கிறது. பழநியில் நாம் வின்ச் என்கிறோமே, அதேதான். கோட்டை நுழைவுச்சீட்டிலேயே இதற்கான கட்டணமும் சேர்ந்திருக்கும். பலர் மேலே வின்ச்சில் போய்விட்டு, "இறக்கம்தானே" என்று கல் பாவிய பாதையில் நடந்து இறங்குகிறார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பகை. திரும்புவதும் வின்ச்சிலேயே இருக்கட்டும்.

மேலே போனதும் எல்லோரும் பெரிய மதுப் பீப்பாயை நோக்கி ஓடுவார்கள். 1751இல் செய்யப்பட்ட அது ஏறத்தாழ 2,20,000 லிட்டர் கொள்ளும். வரியாக வந்த திராட்சை மதுவை ஊற்றிவைத்த கலம் அது. அதன் தலைமேல் நடனமாட ஒரு மேடைகூட உண்டு. அந்தப் படிகளில் உங்கள் மனைவி ஏறாவிட்டாலும் இழப்பு ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால், கோட்டையில் நின்று பார்க்க வேண்டியது தோட்டத்துப் பக்கம் இருக்கும் வெடித்த கோபுரத்தைத்தான். 1693இல் பிரெஞ்சுப் படை கண்ணிவெடி வைத்தபோது, ஆறு மீட்டருக்கும் மேல் தடிமனான அதன் சுவர் பொடியாகவில்லை. நுங்கைச் சீவியது போல ஒரு பக்கம் முழுதாகப் பிளந்து, அப்படியே அகழிக்குள் சரிந்துவிட்டது. அது இன்றும் அங்கேயே கிடக்கிறது. வெட்டுமுகத்தில் உள்ளறைகளின் வளைவுகள் அடுக்கடுக்காகத் தெரிகின்றன.

இத்தனை பெரிய அரண்மனையை ஏன் திருப்பிக் கட்டவில்லை என்று தோன்றும். 1720இல் ஆட்சியாளர் தம் அரசவையை மான்ஹைமுக்கு மாற்றிக்கொண்டார். 1764இல் மின்னல் தாக்கி, மிச்சமிருந்ததும் எரிந்தது. பிறகு ஊரார் வீடு கட்டக் கல் பெயர்க்கத் தொடங்க, 1810இல் இங்கே வந்த பிரெஞ்சுக்காரரான ஷார்ல் த கிரம்பேர் என்ற ஓவியர் அதைத் தடுக்கப் பாடுபட்டார். கோட்டையைத் தகர்த்த நாட்டிலிருந்து வந்தவரே இடிபாட்டைக் காத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரீட்ரிக் மாளிகையை மட்டும் புதுப்பித்துவிட்டு, மற்றதை இருந்தபடியே விட்டுவிட்டார்கள்.

நண்பகலுக்குப் பின் கீழே நகரத்தில் மெல்ல நடக்கலாம். பரிசுத்த ஆவி தேவாலயத்தின் வெளிச்சுவர்த் தாங்குதூண்களின் இடுக்குகளில் சின்னச் சின்னக் கடைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். உள்ளே, கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவினருக்கும் இடையே 1706இல் எழுப்பப்பட்ட சுவர் 1936 வரை நின்றது. எதிரிலுள்ள 'ரிட்டர்' மாளிகை 1592இல் கட்டப்பட்டது. 1693 தீயில் தப்பிய மிகச் சில வீடுகளில் அது ஒன்று. 1386இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தின் மாணவர் சிறை சுவாரசியமானது. குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களும் கத்திச்சண்டை போட்டவர்களும் அதன் சுவர்களில் தங்கள் நிழலுருவங்களைத் தீட்டிவைத்திருக்கிறார்கள். அதற்கு மாடிப்படி ஏற வேண்டும் என்பதால் நீங்கள் மட்டும் பார்த்துவரலாம்.

மாலைக்கு எல்லா வழிகாட்டிகளும் 'தத்துவவாதிகளின் பாதை'யைச் சொல்லும். காட்சி அருமைதான், ஆனால் ஏற்றம் செங்குத்து. அதை விட்டுவிடுங்கள். பிஸ்மார்க் சதுக்கத்தை ஒட்டிய தியோடர் ஹாய்ஸ் பாலத்தைக் கடந்து வடகரைக்குப் போய், ஆற்றோரமாகவே கிழக்கு நோக்கி நடந்தால் சமதரைதான், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திசை முக்கியம். மேற்கேயிருந்து கிழக்கே நடந்தால் கோட்டை வழிநெடுக முன்னால் தெரியும், எதிர்த்திசையில் நடந்தால் அடிக்கடி திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். கடைசியில் வரும் பழைய பாலத்தின் வழியாக மறுபடி நகரத்துக்குள் வந்துவிடலாம். 1784இன் பனிக்கட்டி வெள்ளம் மரப்பாலத்தை அடித்துப்போன பின், 1788இல் கட்டி முடித்த கற்பாலம் அது. 1945 மார்ச்சில் பின்வாங்கிய ஜெர்மானியப் படையே அதன் வளைவுகளைத் தகர்த்தது. அடுத்த இரண்டாண்டுகளில் மறுபடி கட்டப்பட்டது.

சாப்பாட்டில் கவனம் தேவை. மாவுல்டாஷன் பார்வைக்குக் கொழுக்கட்டை போலிருந்தாலும் உள்ளே பெரும்பாலும் இறைச்சிதான். ஃபிளாம்குஹன் ரொட்டியில் பன்றி இறைச்சித் துணுக்கு தூவியிருப்பார்கள். சைவம் என்று தரும் ஷ்பெட்ஸ்ல என்ற நூடுல்ஸிலும் முட்டை உண்டு. 'வெஜிடேரியன்' என்பதில் அங்கே முட்டை அடக்கம் என்பதால், 'வீகன்' என்று கேட்பதே உங்களுக்குப் பாதுகாப்பு. நீங்கள் போகும் காலத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வெள்ளை அஸ்பாரகஸ் தண்டின் பருவம் ஜூன் 24 வரை நீடிக்கும், அதற்குப் பேர்போன ஷ்வெட்ஸிங்கன் பக்கத்து ஊர்தான். அவித்த உருளைக்கிழங்கோடு வாங்குங்கள். மேலே ஊற்றும் ஹாலண்டைஸ் குழம்பில் முட்டைக்கரு இருக்கும், அதற்குப் பதிலாக உருக்கிய வெண்ணெய் கேட்டால் கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால், பழமும் தயிரும் சனிக்கிழமையே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள். அதற்கு 25 சென்ட் முன்பணம் வாங்கியிருப்பார்கள், சூப்பர் மார்க்கெட் இயந்திரத்தில் செலுத்தினால் திரும்பக் கிடைக்கும்.