மொய் 150,001

கேள்வி: அமெரிக்கப் பாடகி டிரேசி சாப்மனின் முதல் ஆல்பம் ஒரு கித்தாரை நம்பியே உலகம் முழுக்க விற்றது. அதில் வரும் 'வேகமான கார்' பாட்டை இன்றைக்கு என் மகள் பாடிக்கொண்டு திரிகிறாள். நம் சிங்கப்பூர்த் தமிழில், நாட்டுப்புறச் சாயலில், தானே எழுதித் தானே பாடும் ஒருவர் அப்படி வெற்றி பெற முடியுமா?
— வாசகி, யீஷூன்

பதில்: பாட்டு முடியும். கார்தான் கஷ்டம்.

'ஃபாஸ்ட் கார்' என்று விட்டிருந்தால் ஒழுங்காகப் பாட்டைப் பற்றி எழுதியிருப்பேன். நீங்கள் 'வேகமான கார்' என்று தமிழாக்கிவிட்டீர்கள். உடனே எனக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அந்தப் பாட்டின் கதை என்ன? குடிகார அப்பா. விட்டுப் போன அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்திவிட்டுக் கடையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்குத் தெரிந்த ஒருவனிடம் கார் இருக்கிறது. ஏறிக்கொண்டு எல்லையைத் தாண்டி நகரத்துக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறாள்.

இதை அப்படியே தூக்கிவந்து சிங்கப்பூரில் வைத்துப் பாருங்கள். பையனிடம் கார் இருக்கிறது என்ற முதல் வரியிலேயே பெண்ணின் அம்மா ஜாதகத்தை எடுத்துவிடுவார். வறுமையா? காரை விற்றால் தீர்ந்தது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான வாகன உரிமைச் சான்றிதழ் மட்டும் ஏலத்தில் 150,001 சிங்கப்பூர் வெள்ளிக்குப் போனது. காருக்குத் தனி விலை. இது அதை பத்து வருஷம் வைத்துக்கொள்ளும் உரிமைக்கு. அந்தக் கடைசி ஒரு வெள்ளியைக் கவனித்தீர்களா? நம்மவர் யாரோ ஏலத்தில் இருந்திருக்கிறார் என்பது என் சந்தேகம். சுழியில் முடிந்தால் சுபமில்லை என்று ஒரு வெள்ளி கூட்டி மொய் எழுதியிருக்கிறார்.

சரி, கார் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எவ்வளவு வேகமாகப் போவீர்கள்? விரைவுச்சாலையில் அதிகபட்சமே 90. எல்லையைத் தாண்ட வேண்டுமே, உட்லண்ட்ஸ் பக்கம் போங்கள். மலேசியாவுக்குப் போகும் கடற்பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். வெள்ளிக்கிழமை மாலை என்றால் அதைத் தாண்டுவதற்குள் ஆல்பத்தின் பதினொரு பாட்டும் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அதற்கும் முன்னால், நம் ஊர்க் கார் எல்லையைத் தாண்டவேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். வாழ்க்கையை விட்டு ஓடுகிற பெண்ணை நிறுத்தி, "மீட்டரைக் காட்டும்மா" என்பார்கள். அரைத் தொட்டி. திரும்பிப் போ. பாட்டு அங்கேயே அடங்கிவிடும்.

சிரிப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வறுமையிலிருந்து தப்ப ஒரு வேகமான வண்டி என்ற யோசனை அமெரிக்காவில் பிறந்ததே அல்ல. சிறுபாணாற்றுப்படையை எடுத்துப் பாருங்கள். பாணன் யார்? யாழைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் பாடிப் பிழைப்பவன். அவன் வீட்டு அடுப்பங்கரையில் குட்டி போட்ட நாய் குரைக்கிறது, பால் இல்லாத மடியைக் கண் திறக்காத குட்டிகள் இழுக்கும் வலி பொறுக்காமல். மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையைப் பறித்துவந்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் அதைச் சாப்பிடுகிறது. பிறகு நல்லியக்கோடன் என்ற மன்னன் என்ன தருகிறான் தெரியுமா? வண்டி! குதிரையின் ஓட்டத்தையும் தோற்கடிக்கும் காளை, ஓட்டுவதற்கு ஆள், எல்லாம் சேர்த்து. நத்தத்தனார் பாடிய வேகமான கார் அது. டிரைவரோடு. சான்றிதழ் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

அதே பாட்டில்தான் பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததும் வருகிறது. அந்த ஆள் இங்கே இருந்திருந்தால், எத்தனை வருஷச் சான்றிதழ் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, முல்லைக்கு ஒரு மூங்கில் குச்சி நட்டிருப்பான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அதிலும் ஒரு வார்த்தை இடிக்கிறது. 'நாட்டுப்புறம்'. சிங்கப்பூரில் நாடு இருக்கிறது, புறம்தான் இல்லை. முக்கியத் தீவைச் சுற்றிவந்தால் மிஞ்சியிருக்கும் கம்பம், அதாவது பழைய கிராமம், லோரோங் புவாங்கோக்கில் ஒன்றே ஒன்று. அதையும் கேமராவோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால் எந்தச் சமூக மன்ற மேடையிலும் 'நாட்டுப்புறம்' என்று அறிவித்ததும் பின்கொசுவம் வைத்த சேலையில் எட்டுப் பெண்களும், கூலிங்கிளாஸ் போட்ட இரண்டு பையன்களும், காகிதக் கரகமும் வந்து நிற்கும். யாரும் நாற்று நட்டதில்லை. நடுவது போல ஆடத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் இதை இதே பக்கத்தில் எழுதியதற்கு ஒரு நண்பர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. தேக்காவில் எதிரே வந்தால் காய்கறிக் கூடைக்குள் முகத்தை வைத்துக்கொள்கிறார். பரவாயில்லை.

சாப்மன் மட்டும் எந்த வயலில் நாற்று நட்டார்? கிளீவ்லாந்து என்ற தொழில் நகரத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகத்தில் மானிடவியல் படித்தபடியே ஹார்வர்ட் சதுக்கத்தில் தெருவோரம் நின்று பாடியவர். (இங்கே தெருவில் பாட தேசிய கலைகள் மன்றத்தில் பாடிக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். பாணன் வந்தால் யாழோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.) 1988 ஏப்ரலில் அந்த ஆல்பம் வந்தது. மறு வருஷம் அவருக்குக் கிடைத்த மூன்று கிராமி விருதுகளில் ஒன்று 'தற்கால நாட்டுப்புற' வகைக்கு. அந்த ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் கித்தார்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டில் ஒருத்தி அடிவாங்கும் சத்தம் சுவர் வழியே கேட்கிறது; போலீஸ் வந்தாலும் தாமதமாகத்தான் வரும். அவ்வளவையும் வெறும் குரலில் பாடுகிறார். வீவக எனும் அரசாங்க அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் எவருக்கும் அந்தச் சுவர் தெரியும். நாட்டுப்புறம் என்றால் எனக்கு அதுதான். கரகம் அல்ல.

நான் அதைக் கேசட்டில் கேட்டவன். காசு கொடுத்து வாங்கிய அசல் கேசட். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 1987-இல் புதிய காப்புரிமைச் சட்டம் வந்த பிறகு பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் திருட்டுக் கேசட் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் என் யோக்கியதை எனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த வெம்பிளி சம்பவம். 1988 ஜூன் 11, லண்டன். நெல்சன் மண்டேலா சிறையில் இருக்கிறார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்காக அரங்கம் நிறைய ஜனம், 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பு. சாப்மன் தன் பங்கைப் பாடி முடித்தாகிவிட்டது. அடுத்து ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டும். பார்த்தால் அவருடைய மின்னிசைக் கருவிக்கான வன்தட்டைக் காணோம். அது இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது. மனம் உடைந்து கிளம்பிவிட்டார். மேடை காலி. கித்தாரும் மைக்கும் போதும் என்கிற ஒருத்தியை மறுபடி கூப்பிட்டு நிறுத்தினார்கள். அவர் 'ஃபாஸ்ட் கார்' பாடினார். அதன் பிறகுதான் ஆல்பம் ஏறி அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. 35 வருஷம் கழித்து லூக் கோம்ஸ் என்ற கன்ட்ரி பாடகர் அதையே திரும்பப் பாட, 2023 நவம்பரில் கன்ட்ரி இசைக்காரர்கள் சாப்மனுக்கு அந்த வருஷத்தின் சிறந்த பாட்டுக்கான விருதைக் கொடுத்தார்கள். எழுதியவருக்கான விருது அது. அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். நம் ஊரில் சான்றிதழ் 150,001-ஐத் தொட்ட அடுத்த மாதம்.

எழுதியவருக்கு விருது என்பதைத் தடித்த எழுத்தில் அச்சிட ஆசை. இங்கே நிகழ்ச்சிக்கு அழைப்பிதழ் அடிக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் பெயர் உண்டு, புரவலர் உண்டு, ஒலி ஒளி உண்டு, மீ கோரெங் போட்ட கடை உண்டு. பாட்டை எழுதியவர் பெயர் இருக்காது. தானே எழுதித் தானே மெட்டமைப்பவருக்கு வாக்கேயக்காரர் என்று பெயரே வைத்திருந்த இசை மரபு இது!

உங்கள் 'முடியுமா'வுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருஷம் இருக்கும். ஒரு சமூக மன்றத்தில் பொங்கல் விழா. ஃபேஷன் ஷோவுக்கும் அதிர்ஷ்டக் குலுக்கலுக்கும் நடுவில் ஒரு பெண்ணுக்கு மூன்று நிமிடம் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதிருக்கும். கித்தாரோடு வந்தாள். ஏற்பாட்டாளர் கேட்ட முதல் கேள்வி, "டிராக் பென் டிரைவ்ல இருக்காம்மா?" இல்லை என்றாள். "எந்தப் படம்?" படம் இல்லை அண்ணே, நானே எழுதினது என்றாள். அவர் முகத்தில் ஒரு பரிதாபம் தெரிந்தது. மைக் தாங்கி ஒன்றுதான். அதைக் குரலுக்கு வைத்தால் கித்தார் கேட்காது, கித்தாருக்கு வைத்தால் குரல் கேட்காது. கடைசியில் அறிவிப்பாளரே இன்னொரு மைக்கைக் கையில் பிடித்துக் கித்தார் பக்கம் குனிந்து நின்றார், கல்யாணத்தில் மாலை நீட்டுகிற மாதிரி.

பாட்டு அவள் அப்பாவின் டாக்சியைப் பற்றியது. புளோக்குக்குக் கீழே ராத்திரி நிற்கும் கார். வீட்டில் யாருக்கும் சொந்தமில்லை. அன்றைய வாடகையை எண்ணி எடுத்துவைத்த பிறகுதான் அப்பா தட்டில் கை வைப்பார். சீட்டில் போட்ட மணிவிரிப்பின் தடம் சட்டையில் புள்ளி புள்ளியாகப் பதிந்திருக்கும், அம்மா அதைத் தேய்த்தும் போகாது. இரண்டாவது பத்திக்கு வந்தபோது எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடி வைத்தார். பின்னால் யாரோ பிள்ளையை அதட்டி உட்காரவைத்தார்கள்.

அப்போது குலுக்கலுக்கான பின்னணி இசையை ஒலிப்பதிவுக்காரர் போட்டுவிட்டார். நேரமாகிவிட்டதாம். அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். முதல் பரிசு ஒரு சோறு வடிக்கும் குக்கர்.

அவளுக்குக் குரல் இருந்தது, பாட்டு இருந்தது. அன்றைக்கு யாருடைய வன்தட்டும் தொலையவில்லை, அதுதான் குறை. உங்கள் மகளுக்குக் கித்தார் வருமானால் எழுதுங்கள், பொங்கலுக்கு முன்பே. மைக் தாங்கி இரண்டு நானே வாங்கி வைக்கிறேன்.