கடல் தாண்டி வரும் புயல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஓய்ந்துவிட்டதாகச் செய்தியில் சொன்ன ஹரிகேன், சில நாள் கழித்து இங்கே மழை எச்சரிக்கையில் அதே பெயரோடு வருகிறதே? ஓய்ந்த புயல் எப்படி அட்லாண்டிக்கைத் தாண்டுகிறது?
– லண்டன் வாசகர்

பதில்: அது ஓய்வதில்லை, உருமாறுகிறது. அட்லாண்டிக்கின் வெப்பமண்டலப் புயலான ஹரிகேனுக்குத் தீனி வெதுவெதுப்பான கடல்நீர். பொதுவாக 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். வடக்கே போகப் போகக் கடல் குளிர்ந்து அந்தத் தீனி குறையும். ஆனால் அங்கே இன்னொன்று கிடைக்கிறது. வடக்குக் குளிர்காற்றும் தெற்குச் சூடான காற்றும் சந்திக்கும் எல்லையும், அதற்கு மேலே ஏறக்குறைய 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றும்தான் அது. புயல் அதில் போய் மாட்டிக்கொண்டால் கண் கலையும், வட்ட வடிவம் குலையும், உச்ச வேகம் குறையும். அதே சமயம் பலத்த காற்று வீசும் பரப்பு பெரிதாக விரிந்துவிடும். புயல் நகரும் வேகமும் கூடும். வடகிழக்காக வரும்போது பெருமழை பெரும்பாலும் பாதையின் இடப்பக்கமும், பெருங்காற்று வலப்பக்கமும் விழும். ஆகவே பாதைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் உங்கள் ஊர் இருக்கிறது என்பதையே முதலில் பாருங்கள். கோடு ஊருக்கு மேலே போகவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம்.

2017 அக்டோபரில் வந்த ஒஃபீலியா நல்ல உதாரணம். அக்டோபர் 14 அன்று, போர்ச்சுகலுக்கு மேற்கே நடுக்கடலில் உள்ள அசோர்ஸ் தீவுகளுக்குத் தெற்கே அது மூன்றாம் வகை (ஐந்தாம் வகையே உச்சம்) ஹரிகேன் ஆனது. அட்லாண்டிக்கில் அவ்வளவு கிழக்கே அந்த வலிமையை எட்டிய வேறு புயல் பதிவில் இல்லை. கடல்நீர் 25 டிகிரி அளவில்தான் இருந்தது. மேல்வானம் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்ததால் கீழுக்கும் மேலுக்கும் வேண்டிய வெப்ப வித்தியாசம் கிடைத்துவிட்டது. 16ஆம் தேதி அது அயர்லாந்தை அடைந்தபோது வானிலையாளர் கணக்கில் அது ஹரிகேன் அல்ல. ஆனாலும் அயர்லாந்தின் தென்கரைக்கு அப்பால் கடலில் உள்ள ஃபாஸ்ட்நெட் கலங்கரை விளக்கத்தில் மணிக்கு 191 கி.மீ. வேகம் பதிவானது. அங்குள்ள கருவி கடல் மட்டத்திலிருந்து மிக உயரத்தில் இருக்கிறது என்பதால் அதையே ஊருக்குள் அடித்த காற்றாக எண்ணக் கூடாது. கார்க் துறைமுக வாயிலில் உள்ள ரோச்சஸ் பாயின்டில் 156 கி.மீ. அதுவே போதுமானதாக இருந்தது. மூன்று பேர் உயிரிழந்தார்கள், மூவருமே மரம் விழுந்து. அக்டோபர் நடுவில் மரங்களில் இலை இன்னும் அடர்ந்திருக்கும், காற்றுக்கு அவ்வளவு பிடிமானம் உண்டு. ஜனவரியில் அதே காற்றைத் தாங்கும் மரம் அக்டோபரில் சாயும். அந்த மூவரில் ஒருவர், ஏற்கெனவே விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தவர். எச்சரிக்கையை விலக்கும்வரை அந்த வேலைக்கு இறங்காதீர்கள்.

காற்று பெரிதாக இல்லாமல் மழை மட்டும் வந்து நாசம் செய்வதும் உண்டு. 1986 ஆகஸ்ட் 25–26இல் ஹரிகேன் சார்லியின் மிச்சம் அயர்லாந்தைத் தொட்டபோது, டப்ளினுக்குத் தெற்கே கிப்பூர் மலையில் ஒரே நாளில் 280 மி.மீ. பெய்தது. பிரே ஊரில் டார்கிள் ஆறு கரை உடைத்தது. வெப்பமண்டலக் கடலில் குடித்த ஈரத்தை அந்தக் காற்று அவ்வளவு தூரம் சுமந்து வந்திருக்கிறது. இப்படிப்பட்ட மிச்சம் வரும்போது காற்று வேகத்தைவிட மழை அளவையும் ஆற்று எச்சரிக்கையையும் கவனியுங்கள்.

கேள்வி: ஒஃபீலியா வந்த அன்று இங்கிலாந்தில் நடுப்பகலில் சூரியன் செக்கச்செவேல் என்று தெரிந்தது ஏன்?
– பர்மிங்ஹாம் வாசகி

பதில்: புயலின் கிழக்குப் பக்கத்தில் காற்று தெற்கிலிருந்து வடக்காக வீசியது. அது சஹாராத் தூசியையும், போர்ச்சுகல், ஸ்பெயின் காட்டுத்தீப் புகையையும் வாரிக்கொண்டு வந்தது. நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடித்ததால் சிவப்பு மட்டும் கண்ணுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் தீயை விசிறிவிட்டதில் ஒஃபீலியாவின் காற்றுக்கும் பங்கு உண்டு. போர்ச்சுகலில் அந்த ஒரு தீப்பரவலில் மட்டும் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். செய்திகளில் சிவப்புச் சூரியன் பெற்ற இடத்தை இந்த மரணங்கள் பெறவில்லை.

கேள்வி: 2023 செப்டம்பரில் இங்கே கொளுத்திய வெயிலுக்கும் அட்லாண்டிக் ஹரிகேன்களே காரணம் என்றார்கள். புயல் மழையைத்தானே தரும்?
– கென்ட் வாசகர்

பதில்: இது கொஞ்சம் சுற்றுவழி. ஹரிகேன் உறிஞ்சிய ஈரம் மழையாகும்போது வெப்பம் வெளியாகிறது. அந்தச் சூடான காற்று மேலே ஏறி, ஜெட் காற்றின் உயரத்தில் விரிந்து பரவுகிறது. பரவும் காற்று ஜெட் ஓட்டத்தை வடக்கே தள்ளும். ஓரிடத்தில் வடக்கே வளைந்த ஓட்டம், அதற்குக் கிழக்கே தெற்காக வளையும், அப்புறம் மறுபடி வடக்காக வளையும். இந்த வளைவுகள் நாலைந்து நாளில் ஒரு கடலையே கடந்துவிடும். வடக்கே வளைந்த பகுதியின் கீழ் இருப்பவர்களுக்கு உயர் காற்றழுத்தமும் வெயிலும். தெற்கே இறங்கிய பகுதியின் கீழ் இருப்பவர்களுக்குக் குளிரும் மழையும். 2023 செப்டம்பர் 4 முதல் 10 வரை பிரிட்டன் வெயில் பக்கத்தில் மாட்டிக்கொண்டது. தொடர்ந்து ஏழு நாள் எங்காவது 30 டிகிரியைத் தாண்டியது. செப்டம்பரில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. கடைசி நாளன்று உங்கள் கென்டில் உள்ள ஃபேவர்ஷமில் 33.5 டிகிரி.

பசிபிக்கில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2014 நவம்பரில் நூரி என்ற டைஃபூன் (மேற்குப் பசிபிக்கில் ஹரிகேனுக்கு வழங்கும் பெயர்) பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே கடலில் வலுத்து, வடக்கே திரும்பி, பேரிங் கடலில் 924 மில்லிபார் வரை அழுத்தம் இறங்கிய மாபெரும் குளிர்காலப் புயலாக மாறியது. ஜெட் ஓட்டம் அலாஸ்கா பக்கம் மேலே வளைந்தது. வட அமெரிக்காவின் நடுவே கீழே இறங்கியது. சில நாளில் அமெரிக்காவின் நடு மாநிலங்கள் நவம்பரிலேயே ஜனவரிக் குளிரில் நடுங்கின.

இங்கேதான் முன்னறிவிப்புகள் சறுக்குகின்றன. புயல் ஜெட் ஓட்டத்தை எந்த இடத்தில், எந்த நேரத்தில் தொடுகிறது என்பதில் எல்லாம் இருக்கிறது. சில மணி நேரம் பிந்தினால் வளைவே உருவாகாமல் போகலாம். ஐரோப்பிய வானிலை மையம் தொடக்க நிலையைச் சிறிது சிறிதாக மாற்றி 51 முறை கணித்துப் பார்ப்பது இதனால்தான். கடலில் ஒரு ஹரிகேன் வடக்கே திரும்பும் வாரத்தில், ஆறு நாளுக்கு அப்பால் கைபேசிச் செயலி காட்டும் வெயில் படத்தை நம்பிக் கல்யாணப் பந்தலை முடிவு செய்யாதீர்கள். புயல் ஜெட் ஓட்டத்தில் கலந்த பிறகு வரும் கணிப்பு எவ்வளவோ மேல்.

கேள்வி: ஹரிகேன் நடுக்கடலில், 2,000 கி.மீ.க்கு அப்பால். இங்கே வானம் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கடற்கரையில் சிவப்புக் கொடி. இது அளவுக்கு மீறிய பயம் இல்லையா?
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: இல்லவே இல்லை. 2019 செப்டம்பர் இறுதியில் லொரென்சோ என்ற ஹரிகேன் அமெரிக்கக் கரைப் பக்கமே வரவில்லை, அசோர்ஸ் தீவுகளை நோக்கிப் போனது. அது அனுப்பிய அலைகளிலும், கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்திலும் அமெரிக்கக் கரையில் எட்டுப் பேர் இறந்தார்கள்.

காற்று நின்றாலும் அது கிளப்பிய அலை நிற்காது. ‘ஸ்வெல்’ எனப்படும் இந்தத் தூரத்து அலை எப்போது வரும் என்று நீங்களே கணக்கிடலாம். அலை முன்னறிவிப்பில் உயரத்தோடு விநாடியிலும் ஓர் எண் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட நேரம் அது. அதை 2.8ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலைக்கூட்டம் நகரும் வேகம், மணிக்கு இத்தனை கி.மீ. என்று கிடைக்கும். 18 விநாடி அலை என்றால் ஏறக்குறைய 50 கி.மீ., 2,000 கி.மீ.யைக் கடக்க 40 மணி நேரம். 12 விநாடி அலைக்கு 60 மணி நேரம். அதாவது நீண்ட இடைவெளி அலை முதலில் வரும், குட்டை இடைவெளி அலை பின்னால் வரும். தனி முகடு இதைவிட இரு மடங்கு வேகத்தில் ஓடும். ஆனால் அது கூட்டத்தின் முன்னால் போய் மறைந்துவிடும். முகட்டு வேகத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் பாதி நேரத்திலேயே அலையை எதிர்பார்த்து, வராததைக் கண்டு ஆபத்து இல்லை என்று இறங்கிவிடுகிறார்கள்.

உயரத்தை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 1.2 மீட்டர், 7 விநாடி என்பது உள்ளூர்க் காற்றலை. 1.2 மீட்டர், 16 விநாடி என்றால் அதே உயரத்தில், அதே நேரத்துக்குள் கரைக்கு வந்து சேரும் ஆற்றல் இரு மடங்குக்கு மேல். அதன் நீளம் 400 மீட்டர். 200 மீட்டர் ஆழத்திலேயே தரையை உணரத் தொடங்கி, கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரும். கடலில் உள்ள மிதவைக் கருவிகளின் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அதில் விநாடி 8இல் இருந்து 15க்குத் தாவினால் விருந்தாளி வந்தாயிற்று. மிதவை இல்லாத இடத்தில், பாறையோ கட்டைத் தூணோ ஒன்றைக் குறி வைத்து, 11 முகடுகள் அதைக் கடக்கும் நேரத்தை அளந்து 10ஆல் வகுங்கள்.

ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இந்த அலைகள் கூட்டம் கூட்டமாக வரும், நடுவில் கடல் சாதுவாகக் கிடக்கும். குறைந்தது அரை மணி நேரம் நின்று பாருங்கள். பாறைமேல் நிற்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2009 ஆகஸ்ட் 23 அன்று ஹரிகேன் பில் கடலில் கடந்துகொண்டிருந்தபோது, மெய்ன் மாநிலத்து அகாடியா தேசியப் பூங்காவில் அலை பார்க்க வந்தவர்களை ஓர் அலை வாரிக்கொண்டு போனது. ஒரு சிறுமி உயிரிழந்தாள். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்து, கையசைத்து உதவி கேளுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறுங்கள்.

கேள்வி: அட்லாண்டிக் ஹரிகேன் அலை குமரி முனைவரை வருமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: வட அட்லாண்டிக் ஹரிகேனின் அலை வராது, ஆப்பிரிக்கா குறுக்கே நிற்கிறது. குமரிக் கரைக்கு வருவது தென் பெருங்கடல் புயல்களின் அலை. கேரளக் கரையோரம் கள்ளக்கடல் என்பது இதுவே. 2024 ஏப்ரல் இறுதியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் ஒரு புயல் 11 மீட்டர் வரை அலை கிளப்பியது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், மே 4 முதல், அது நம் கரையில் மோதியது. ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரித்திருந்தது. ஆனாலும் மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். மழையும் இல்லை, காற்றும் இல்லை. இந்தக் கரைகளுக்கு வானத்தைப் பார்த்து முடிவு செய்யும் பழக்கம் உதவாது. இன்காய்ஸ் அறிவிப்பை, அன்றைய கடல் ஏற்றநேரத்தோடு சேர்த்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் நீர் தெருவுக்கு ஏறும். படகுகளைக் கரையேற்ற முடியாவிட்டால், ஒன்றோடொன்று மோதாத இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: பிலிப்பைன்ஸ் பக்கத்துப் புயல் நம் வங்கக் கடலுக்கு வந்ததுண்டா?
– சென்னை வாசகி

பதில்: உண்டு. பிலிப்பைன்ஸ் பக்கம் இல்லாமல், தாய்லாந்து வளைகுடாவிலேயே உருவான புயலும் வந்திருக்கிறது. 1989இல் அப்படி உருவான கே என்ற டைஃபூன் நவம்பர் 4 அன்று தாய்லாந்தின் சும்போனில் கரையேறி, அந்த ஒடுங்கிய நிலத்தைத் தாண்டி வங்கக் கடலில் மறுபடி வலுத்து, 8ஆம் தேதி நள்ளிரவையொட்டி ஆந்திரத்தின் காவலியைத் தாக்கியது. வடக்கே ஜப்பான் பக்கம் திரும்பும் புயல் நம் கடலுக்கு வராது. மேற்காகவே நகர்ந்து தாய்லாந்து வளைகுடாவுக்குள் நுழைவதும் அங்கேயே உருவாவதும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை. அந்த நாளிலிருந்து அடுத்த ஐந்து நாளுக்கு அந்தமான் கடல் அறிக்கையை விடாமல் பாருங்கள்.