செகண்ட் ஹேண்ட் டர்போ காருக்கு ரீமேப்: முதல்ல கம்பெனி குடுத்த அந்த 105 பிஎஸ் பவர் இருக்கான்னு பாருங்க

வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா, நான் பொள்ளாச்சி. மூணு மாசம் முன்னாடி 2015 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ செகண்ட் ஹேண்ட்ல எடுத்தேன். 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, நான் மூணாவது ஓனர். வண்டி நல்லாதான் போகுது, ஆனா ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணு, 130 ஹெச்பி வரும்னு சொல்லிட்டே இருக்காங்க. ஒரு கடைல கேட்டேன், அரை மணி நேரத்துல ஃபைல் ஏத்தி குடுத்துடுறோம்னாங்க. வாரம் ஒரு தடவ வால்பாறை போய்ட்டு வருவேன். இன்ஜினுக்கு எதுவும் ஆகாம பண்ண முடியுமா?

பதில்: தம்பி, நல்ல வண்டி எடுத்திருக்கீங்க, அதுக்கு முதல்ல வாழ்த்துகள். ரீமேப்னா இன்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்ல (ஈசியூ) இருக்குற ஃபைல மாத்தி பவர் ஏத்துறது, ஸ்டேஜ் 1னா பார்ட்ஸ் எதுவும் மாத்தாம அத மட்டும் பண்றது. பண்ணலாமான்னு கேட்டா பண்ணலாம், நானும் பண்ணி ஓட்டுன ஆள்தான். ஆனா மூணாவது ஓனர், 78,000 கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்கல்ல, அதப் படிச்சதும் எனக்கு 130 ஞாபகம் வரல, 105 தான் வந்துச்சு. கம்பெனில இருந்து வர்றப்போ இந்த வண்டிக்கு 105 பிஎஸ் (கிட்டத்தட்ட ஹெச்பி மாதிரிதான்), 175 என்எம் டார்க் (இழுவை), 0-100 போக 9.7 செகண்டுன்னு சொல்லி வித்தாங்க. அந்த 105 இன்னைக்கு உங்க வண்டில முழுசா இருக்கா? அது தெரியாம மேல 25 ஏத்துறது அஸ்திவாரம் பாக்காம மாடி கட்டுற மாதிரி.

ஏன் குறையும்னா, இது டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின், பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ளயே போயிடும், இன்டேக் வால்வு மேல படாது. பழைய மாடல் இன்ஜின்ல பெட்ரோல் அந்த வால்வ கழுவிட்டே இருக்கும், இதுல அந்த வேலை நடக்காததால இன்ஜினுக்குள்ள இருந்து வர்ற ஆயில் ஆவி வால்வு மேல படிஞ்சு சூட்டுல கருகி, அடிபிடிச்ச பால் பாத்திரம் மாதிரி ஆயிடும், காத்து போற வழி குறுகிடும். அது போக டர்போ ஹோஸ்ல சின்ன லீக், வேஸ்ட்கேட் ராடு (டர்போ அழுத்தத்த கட்டுப்படுத்துற வால்வோட கம்பி) லேசா சிக்கிக்கிறது, வீக்கான இக்னிஷன் காயில், மாத்தாம விட்ட ஸ்பார்க் ப்ளக், இது ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா பவர தின்னுட்டு இருக்கும், டெய்லி ஓட்டுறவங்களுக்கு தெரியவே தெரியாது. இதெல்லாம் சரி பண்ணினாலே "யாருப்பா ரீமேப் பண்ணினது"ன்னு கேக்குற அளவுக்கு வண்டி மாறுறத நான் பல தடவ பாத்துட்டேன்.

இன்னொண்ணு, நீங்க மூணாவது ஓனர்னா முன்னாடி இருந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏற்கனவே ரீமேப் பண்ணியிருக்கலாம், இந்த மாடல வாங்குறவங்க முக்காவாசி பேர் பவர் பைத்தியம் தான். கடைல ஈசியூவ ரீட் பண்ணி ஒரிஜினல் ஃபைலோட ஒப்பிட்டு காட்டச் சொல்லுங்க. ஏற்கனவே ஏத்தியிருந்தா அதையே பேஸா வச்சு மேல ஏத்த விடாதீங்க, ஒரிஜினலுக்கு கொண்டு வந்து அப்படியே ஒரு மாசம் ஓட்டுங்க.

செக்கப்ல எத விட்டாலும் ஸ்பார்க் ப்ளக்க விடாதீங்க. நான் இத பட்டு கத்துக்கிட்டேன். ரொம்ப வருஷம் முன்னாடி என்கிட்ட ஒரு பழைய டர்போ பெட்ரோல் செடான் இருந்துச்சு, ஒரு கடைல குடுத்தேன், அவங்க வண்டிய ஓட்டிக் கூட பாக்கல, லேப்டாப்ப சொருகி ஃபைல் ஏத்திட்டு பணத்த வாங்கிட்டாங்க. ரெண்டு மாசம் பறந்துச்சு. அப்புறம் காலைல ஸ்டார்ட் பண்ணினா லேசா ஒரு நடுக்கம், சைலன்சர்ல ஒரு நீலப் புகை. எனக்கு தெரிஞ்ச மெக்கானிக் மூணாவது சிலிண்டர் ப்ளக்க கழட்டி உள்ளங்கைல வச்சு வெளிச்சத்துல காட்டினார். வெள்ள பீங்கான் மேல மிளகுப் பொடி தூவின மாதிரி கருப்பு புள்ளி, அதுக்கு நடுவுல ஊசி முனை சைஸ்ல பளபளன்னு சின்ன சின்ன மணி. "இது என்ன தெரியுதா, உங்க பிஸ்டன்"னார். நாக்கிங்ல, அதாவது உள்ள பெட்ரோல் கட்டுப்பாடு இல்லாம வெடிக்கிறதுல, பிஸ்டனோட அலுமினியம் உருகி ப்ளக்ல வந்து ஒட்டியிருக்கு. கம்ப்ரஷன் பாத்தா மத்த மூணும் 12 பார் பக்கம், அது மட்டும் 8. இன்ஜின் ஹெட்ட கழட்டுனா பிஸ்டன்ல ரிங்கு உக்காருற பள்ளத்துல ஒரு துண்டு உடைஞ்சு போயிருந்துச்சு. ஏத்துறதுக்கு முன்னாடி இருந்தே அந்த சிலிண்டர் வீக்கா இருந்துச்சோ, ஃபைல் தப்போ, ரெண்டுமோ, அன்னைக்கு யாரும் செக் பண்ணாததால இன்னைக்கு வரைக்கும் எனக்கு பதில் இல்ல.

அதனால நாலு ப்ளக்கையும் கழட்டி வரிசையா துணி மேல வச்சு நீங்களே கண்ணால பாருங்க, அதே நேரத்துல கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்துடலாம், நம்பர் பெருசா இருக்கறத விட நாலும் பக்கத்து பக்கத்துல இருக்கணும், அது தான் முக்கியம். இதெல்லாம் நல்லா இருந்தா டைனோல (வண்டிய உருளை மேல ஓட்டி பவர் அளக்குற மெஷின்) ஏத்தி ஸ்டாக் ஃபைல்லயே, அதாவது கம்பெனி குடுத்த ஒரிஜினல்லயே, ஒரு ரன் எடுத்து லாக் பண்ணச் சொல்லுங்க. டர்போகிட்ட கேட்ட பூஸ்ட் (காத்தழுத்தம்) எவ்ளோ, வந்தது எவ்ளோ, நாக் சென்சார் எந்த சிலிண்டர்ல எத்தன டிகிரி டைமிங்க (ஸ்பார்க் விழுற நேரம்) பின்னாடி இழுக்குது, இது அதுல தெரியும். ஒரே ஒரு சிலிண்டர்ல மட்டும் தொடர்ந்து 5, 6 டிகிரி இழுத்துட்டு இருந்தா ரீமேப்ப மறந்துட்டு அந்த சிலிண்டர பாருங்க.

சரி, எல்லாம் ஓகேன்னு வச்சுக்கோங்க. இப்ப கியர்பாக்ஸ். உங்களோடது ரெண்டு கிளட்ச் வச்ச 7 ஸ்பீட் ஆட்டோமேட்டிக், டிஎஸ்ஜி, டிகியூ200ன்னு பேரு, ட்ரை கிளட்ச், அதாவது ரெண்டு கிளட்சும் ஆயில்ல நனையாம காத்துல தான் சூட்ட விடணும். அதோட லிமிட் 250 என்எம். இதே பாக்ஸ் போட்டு வந்த ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐக்கு 180 பிஎஸ் இருந்துச்சு, ஆனா டார்க் 250ல தான் நிறுத்தியிருந்தாங்க, அந்த இன்ஜினுக்கு அதுக்கு மேல குடுக்க முடியாமலா? இந்த 1.2க்கு ஸ்டேஜ் 1 ஃபைல் போட்டா பொதுவா 220, 230 என்எம் வரும். லிமிட்டுக்கு உள்ளதான், ஆனா லிமிட்டுங்குறது புது கிளட்சுக்கு, உங்களோடது 78,000 ஓடின கிளட்ச்.

இங்க தான் கடைல நீங்க கேக்க வேண்டிய கேள்வி இருக்கு. எல்லாரும் எத்தன ஹெச்பி வரும்னு கேக்குறாங்க, நீங்க 1,800 ஆர்பிஎம்ல எத்தன என்எம்னு கேளுங்க. சில ஃபைல்ல மொத்த டார்க்கையும் 1,700, 1,800லயே கொட்டிடுவாங்க, டெஸ்ட் ட்ரைவ்ல முதுகு சீட்ல ஒட்டும், நீங்களும் சந்தோஷமா பணம் குடுத்துடுவீங்க. ஆனா சின்ன டைரக்ட் இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜினுக்கு கம்மி ஆர்பிஎம், ஃபுல் லோடு, இத விட கஷ்டம் எதுவுமில்ல, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானா பத்திக்கிட்டு பிஸ்டன சுத்தியல்ல அடிச்ச மாதிரி அடிக்கும், கனெக்டிங் ராடு, கிளட்சு எல்லாம் அதுல தான் போகும். அதனால கீழ ஸ்டாக் மாதிரியே விட்டுட்டு 2,500க்கு மேல மெதுவா ஏறி, உச்சம் 210, 215லயே நிக்கிற மாதிரி எழுதி குடுங்கன்னு கேளுங்க. பவர் மேல வரும், 120, 125 பக்கம் கிடைக்கும், வண்டி நிம்மதியா இருக்கும். எழுதித் தர முடியாது, எங்ககிட்ட ஒரே ஃபைல் தான்னு சொன்னா அந்தக் கடை உங்களுக்கு வேணாம்.

வால்பாறைன்னு சொன்னீங்க, அதுவும் ஒரு விஷயம். ஆழியார்ல இருந்து 40 கொண்டை ஊசி, மேல போனா கிட்டத்தட்ட 1,100 மீட்டர் உயரம், காத்து அடர்த்தி குறையும். டர்போ இல்லாத இன்ஜின்னா மூச்சு வாங்கும், டர்போ அத ஈடுகட்ட இன்னும் வேகமா சுத்தும். ஊட்டி 2,240 மீட்டர்ல காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல 77 சதவீதம் பக்கம் தான், அப்ப கீழ 1.8 மடங்கு அழுத்தின டர்போ அதே அழுத்தத்துக்கு மேல 2.3 மடங்கு அழுத்தணும். நல்ல ஃபைல்ல உயரத்துக்கு தகுந்த மாதிரி பூஸ்ட குறைக்குற டேபிள அப்படியே விட்டிருப்பாங்க, அத நோண்டக்கூடாதுன்னு சொல்லிடுங்க. பஸ்ஸுக்கு பின்னாடி ஏறுறப்போ இஞ்ச் இஞ்சா ஊர்ந்துட்டு போகாதீங்க, கேப் விட்டு நின்னு, கேப் கிடைச்சதும் ஒழுங்கா எடுங்க, ட்ரை கிளட்ச கொல்றது ரேஸ் இல்ல, ஊர்றது தான். மேல போய் சேர்ந்ததும் உடனே ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் ஐடில்ல விடுங்க. ஆயில் 15,000ல மாத்துற பழக்கம் இருந்தா 7,500 ஆக்குங்க, மேனுவல்ல போட்டிருக்குற அப்ரூவல் உள்ள ஆயில் மட்டும். பின்னாடி ட்ரம் பிரேக் தான்ங்குறத மறந்துடாதீங்க, டயர், பிரேக் ஃப்ளூயிட், பேட் மூணும் புதுசா இல்லாம மேல பவர் ஏத்துறதுல எனக்கு சம்மதமே இல்ல, வால்பாறைல ஏறுறத விட இறங்குறது தான் பெரிய வேலை.

சட்டத்தையும் சொல்லிடுறேன். மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுங்குது, 2019 திருத்தத்துக்கு அப்புறம் 182ஏ பிரிவுல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் ஜெயிலோ, ரெண்டுமோ இருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு சொல்லாம பண்ணி நாளைக்கு ஒரு பெரிய ஆக்சிடென்ட் ஆனா க்ளெய்ம்ல கேள்வி வரும். "யாருக்கும் தெரியாது சார்"னு கடைக்காரர் சொல்வார், தயவுசெஞ்சு அத நம்பாதீங்க, ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் முதல்லயே கேட்டுட்டு பதில எழுத்துல வாங்கிடுங்க. வேகம் தான் ஆசைன்னா செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே உங்களுக்கு பக்கம் தான், ட்ராக் டே வைக்கும்போது ஸ்டாக் வண்டியவே ஒரு நாள் கொண்டு போய் ஓட்டிப் பாருங்க.

கேள்வி: அண்ணே, என்கிட்ட பழைய ஸ்விஃப்ட் டீசல் இருக்கு, 1.3 இன்ஜின், 75 பிஎஸ். இதே இன்ஜின் சியாஸ்ல 90 பிஎஸ் தருதே, ஒரு டியூனிங் பாக்ஸ் மாட்டுனா எனக்கும் 90 வருமா? - வாசகர், திண்டுக்கல்

பதில்: இன்ஜின் பிளாக் தான் ஒண்ணு, டர்போ வேற. சியாஸ்ல வந்தது உள்ள இறக்கை கோணம் மாறுற டர்போ, கூடவே இன்டர்கூலர், உங்களோடது ஃபிக்ஸட் டர்போ. பாக்ஸ் என்ன பண்ணுதுன்னா டீசல் ரெயில்ல பிரஷர் கம்மியா இருக்குன்னு ஈசியூகிட்ட பொய் சொல்லி அதிகமா டீசல் அடிக்க வைக்கும், காத்து அதே அளவு தான் இருக்கும், அதான் கருப்பு புகை, அதான் சூடு. பம்பும் இன்ஜெக்டரும் லிமிட்டுல ஓடிட்டே இருக்கறது ஈசியூவுக்கு தெரியாது. பழைய வண்டில பாக்ஸ் மாட்டாதீங்கண்ணே. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் மாத்தி, இஜிஆர் வால்வ (புகைல கொஞ்சத்த திரும்ப இன்ஜினுக்குள்ள விடுறது) கிளீன் பண்ணி, இன்ஜெக்டர பெஞ்ச்ல டெஸ்ட் பண்ணிட்டு ஓட்டிப் பாருங்க, போன பிக்கப் பாதி திரும்பி வரும்.

கேள்வி: ரீமேப் எதுவும் பண்ணாம 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டா டர்போ காருக்கு பவர் ஏறுமா சார்? - வாசகி, மதுரை

பதில்: ஆக்டேன்ங்குறது பெட்ரோல்ல இருக்குற சக்தி இல்லம்மா, நாக்கிங்க தாங்குற திறன். எக்ஸ்பி100ங்குற 100 ஆக்டேன் பெட்ரோல் நம்ம ஊருக்கு 2020 டிசம்பர்ல வந்துச்சு, அத போட்டதும் வண்டி பறக்கும்னு நிறைய பேர் நினைச்சாங்க. ஸ்டாக் மேப்புல எழுதியிருக்குற டைமிங்குக்கு மேல இன்ஜின் போகாது. ஆனா மதுரை மே மாசம், ஏசி ஃபுல், நாலு பேரோட நத்தம் பாலத்துல ஏத்துறீங்கன்னா, அப்போ சாதா பெட்ரோல்ல ஈசியூ டைமிங்க பின்னாடி இழுக்கும், அந்த இழந்தத மட்டும் இது திருப்பிக் குடுக்கும். இப்ப பங்க்ல வர்ற இ20யே 95 ஆக்டேன் தான், உங்க டெய்லி ஓட்டத்துக்கு அது போதும். ஆனா காசு போட்டு நல்ல பெட்ரோல் அடிக்கறதுக்கு முன்னாடி ஸ்பார்க் ப்ளக் மாத்தி எத்தன கிலோமீட்டர் ஆச்சுன்னு சர்வீஸ் புக்க எடுத்து பாத்துடுங்க.