நவீனத் தொழில்நுட்பம் பில்லியர்ட்ஸ் போன்ற பழைய விளையாட்டுகளை மேம்படுத்துகிறதா?

பில்லியர்ட்ஸைப் பொறுத்தவரை, ஆம். அதுவும் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே. 19-ஆம் நூற்றாண்டில் பந்துகளை யானைத் தந்தத்தில் கடைந்தார்கள். ஒரு தந்தத்தில் சில பந்துகளே தேறும். ஈரப்பதம் மாறினால் அவை உருண்டை வடிவத்தை இழக்கும், விரிசல் விடும். அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹையட் இதற்கு மாற்றுத் தேடப்போய்த்தான் செல்லுலாய்டு என்ற பிளாஸ்டிக்கை உருவாக்கினார். இன்று பினாலிக் பிசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் செய்த பந்துகள். எடையும் அளவும் சீராக இருக்கும். இந்த ஆட்டத்துக்காக யானையைக் கொல்ல வேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அப்புறம் மேசையின் ஓரம். வல்கனைஸ் செய்த (கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்திய) ரப்பர் வருவதற்கு முன், குளிரில் ஓரத்து ரப்பர் இறுகிப்போய், அதில் பட்ட பந்து சரியாகத் திரும்பாது.

செல்போனில் ஆடும் பில்லியர்ட்ஸ் கோணம் புரிய உதவும், அவ்வளவுதான். கியூவை, அதாவது பந்தை அடிக்கும் கோலை, நேராக ஓட்டும் கைப்பழக்கம் மேசையில்தான் வரும்.