அப்பாருவின் அம்பாசிடரில் அசையாத நட்டுகள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். அப்பாரு வைத்திருந்த 1984ஆம் ஆண்டு பெட்ரோல் அம்பாசிடர், எட்டு ஆண்டுகளாகச் சாளையில் பொட்டாஷ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எஞ்சினின் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் புகைபோக்கி மேனிபோல்டைக் கழற்றப் பார்த்தேன். 13ஆம் எண் ஸ்பானர் போட்டதில் இரண்டு நட்டுகளின் முனை மழுங்கிவிட்டது. பைப் மாட்டி நெம்பலாமா, கேஸ் வைத்துச் சுடலாமா?

பதில்: தம்பி, பைப்பை முதலில் ஓரமாக வையுங்கள். நட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட், அதாவது எஞ்சினில் பதிந்து நிற்கும் மரைக்கம்பி, உங்கள் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. அது முறிந்தால் ஒரு மாலை வேலை ஒரு வார வேலையாகிவிடும்.

தவறு துருவில் மட்டும் இல்லை, ஸ்பானர் சாவியிலும் இருக்கிறது. உங்கள் வண்டியின் 1489 சி.சி. எஞ்சின் ஆங்கிலேயரின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பு, அதன் நட்டுகள் இஞ்சு அளவைச் சேர்ந்தவை. 5/16 இஞ்சு ஸ்டட்டின் நட்டுக்கு 1/2 இஞ்சு சாவி, அதாவது 12.7 மில்லிமீட்டர். நீங்கள் போட்டது 13. அந்த 0.3 மில்லிமீட்டர் தொளதொளப்பு நல்ல நட்டில் தெரியாது. துரு வெளிப்புறத்தையும் தின்றுவிட்ட நட்டில் சாவி ஆறு பக்கத்தையும் பற்றாமல் முனையை மட்டும் கடித்து உருட்டிவிடும். பின்னாளில் வந்த இசுசு எஞ்சினில் மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் பல மெக்கானிக்குகளே இந்த இடத்தில் ஏமாறுகிறார்கள். வெர்னியர் அளவுகோல் வைத்து ஒரு நல்ல நட்டை அளந்து பார்த்துவிட்டு, 1/2 இஞ்சு பாக்ஸ் ஸ்பானர் வாங்குங்கள். உள்ளே ஆறு பட்டை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்; பன்னிரண்டு முனை உள்ளது இந்த வேலைக்கு ஆகாது. மழுங்கிய இரண்டுக்கும் 12 மி.மீ. ஆறு பட்டை பாக்ஸைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

துரு எப்படிப் பிடிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கை தானாக நிதானப்படும். இரும்பு துருவாக மாறும்போது பல மடங்கு ஊதுகிறது. மரைகளுக்கு நடுவே ஊத இடம் இல்லாததால் ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடுகிறது. பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. ஈரக்காற்றோடு சேர்ந்து இரும்பைச் சும்மா விடாது. வண்டியில் கை வைக்கும் முன் அந்த மூட்டைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

அந்த ஆப்பை உடைக்க எண்ணெயும் தட்டலும் வேண்டும். ஸ்டட்டின் வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தேயுங்கள். துருநீக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நட்டின் தலையில் சிறு சுத்தியலால் பத்துப் பதினைந்து தட்டு. ஓங்கி அடிக்க வேண்டாம். அதிர்ந்தால் போதும், துரு பொடிந்து எண்ணெய்க்கு வழிவிடும். மேனிபோல்டின் காதில் அடி படக்கூடாது. அது வார்ப்பிரும்பு, வளையாது, உடைந்துதான் போகும். பம்ப்செட் மூடி உடைந்து பார்த்த தோட்டக்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

நான்காம் நாள், ஸ்டட்டின் முகத்திலிருந்து நட்டின் மேல்வரை சாக்பீஸால் ஒரு நேர்க்கோடு போடுங்கள். பிறகு நட்டை முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு அசைத்துவிட்டு, அப்புறம் கழற்றும் பக்கம் திருப்புங்கள். ‘கிறீச்’ என்ற சத்தத்தோடு நட்டின் கோடு மட்டும் விலகினால் ஜெயித்துவிட்டீர்கள். கால் சுற்று கழற்றி, எட்டில் ஒரு பங்கு திரும்ப இறுக்கி, எண்ணெய் விட்டு, மறுபடி கழற்றுங்கள். இரண்டு கோடுகளும் சேர்ந்தே சுற்றிக்கொண்டே வந்தால் ஸ்டட், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டிலிருந்து கழன்று வருகிறது, அதுவும் நல்லதே. ஆனால் சத்தமே இல்லாமல், வெல்லப்பாகு இழுபடுவதுபோல் மெத்தென்று கைக்கு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது, இன்னும் கால் சுற்றில் முறிந்துவிடும்.

அப்போதுதான் கேஸ். சுட வேண்டியது நட்டை மட்டும். நட்டின் துளை 5/16 இஞ்சு, ஏறக்குறைய 8 மி.மீ. அந்த அளவு உருக்கு 500 டிகிரி கூடுதலாகச் சூடானால் சுமார் 0.05 மி.மீ. விரிகிறது; துருவின் பிடி விட அது பெரும்பாலும் போதும். நட்டு சிவந்ததும் தீயை எடுத்துவிடுங்கள். சிவப்பு மறைந்த பிறகு ஒரு மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால், உருகிய மெழுகை மரை உறிஞ்சிக்கொள்வது கண்ணுக்கே தெரியும். எண்ணெய் போகாத இடத்துக்கும் அது போகும். கொஞ்சம் ஆறவிட்டுத் திருப்புங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் புகைபோக்கி மேனிபோல்டும் ஒரே பக்கம் இருக்கின்றன. கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, பேட்டரியை வெளியே எடுத்து, சிந்திய எண்ணெயைத் துடைத்த பிறகே தீ. தீயணைப்பானும் கூட ஓர் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே கூடாது. எழும் புகை நச்சு. தீ பழக்கம் இல்லையென்றால் வெல்டரை அழையுங்கள்.

ஸ்டட் முறிந்து முனை கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால், அதன் மேல் புது நட்டு வைத்து வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். ஹெட்டோடு ஒட்ட முறிந்தால், முறிந்த ஸ்டட்டைத் துளையிட்டுக் கழற்றும் ஈஸி அவுட் என்ற கருவியைத் தொடாதீர்கள். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் ஏறாத கெட்டி உருக்கு. ஹெட்டைக் கழற்றிக் கோயம்புத்தூரில் ஒரு நல்ல லேத் பட்டறைக்குக் கொண்டு போங்கள். நடுப்புள்ளி பார்த்துத் துளைத்து எடுத்துத் தருவார்கள்.

திரும்பப் பூட்டும்போது புது ஸ்டட், பித்தளை நட்டு, மரையில் காப்பர் கிரீஸ். மரையில் கிரீஸ் இருந்தால் நட்டு சுலபமாக ஏறும். அதனால் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இறுக்குங்கள். எஞ்சினை ஒருமுறை நன்றாக ஓடவிட்டு, முழுக்க ஆறிய பிறகு எல்லா நட்டுகளையும் இன்னொரு முறை பாருங்கள். மேனிபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே வைக்கும் புது கேஸ்கட் அமுங்கியிருக்கும்.