ரைசோபியம் பாக்கெட் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டேன். கடைக்காரர் சொன்னார் என்று ரைசோபியம் (பயறுச் செடியின் வேரில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியா) பாக்கெட் வாங்கி விதையில் கலந்தேன். ஒரு மாதம் ஆகியும் வேரில் முடிச்சைக் காணோம். பாக்கெட்டில் தேதியே இல்லை. (பகோ)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் ஐயா. ஆனாலும் செடியை வெடுக்கென்று பிடுங்கியிருந்தால் முடிச்சு மண்ணோடு உதிர்ந்திருக்கும், அதனால் இன்னொரு செடியை மண்கட்டியோடு தோண்டி வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். முடிச்சு கிடைத்தால் நகத்தால் கீறுங்கள். உள்ளே சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாதான் அதை மாற்றிக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது உயிருள்ள சரக்கு. அதைப் போய் தகரக் கூரைக்குக் கீழே, வெயில் படும் இடத்தில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு விற்கிறார்கள். விவசாயி கையில் போய்ச் சேர்வது பாக்டீரியா செத்துப்போன வெறும் கரித்தூள். நான் பாசிப்பயறுக்கு வாங்கிய பாக்கெட்டில் காலாவதித் தேதிமேல் ஒரு ஸ்டிக்கர் இருந்தது, உரித்தால் அடியில் போன வருஷத் தேதி! தேதியும் பயிர் பெயரும் இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள். உங்கள் பாக்கெட் உறையை எடுத்துக்கொண்டு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: மிச்சமிருக்கும் உளுந்து பாக்கெட்டைக் கொண்டைக்கடலைக்குப் போடலாமா? (மொன்யுவா)

பதில்: கூடாது. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு மூன்றுக்கும் ஒரே வகை ஒத்துப்போகும், கொண்டைக்கடலைக்குத் தனி வகை.

கேள்வி: நெல்லுக்கு? (தட்டோன்)

பதில்: வேண்டாம், பயறு வகைக்கு மட்டும்தான்.

கேள்வி: விதைக்குப் பூஞ்சை மருந்து தடவி, அதே வாளியில் ரைசோபியத்தையும் கலந்து வெயிலில் காயவைத்தேன். முடிச்சு வரவில்லை. கம்பெனிமேல் புகார் கொடுக்கலாமா? (பகோ)

பதில்: எதை வைத்துப் புகார்? பாதி பாக்டீரியாவை மருந்து கொன்றிருக்கும், மீதியை வெயில் கொன்றிருக்கும். வாங்கியதும் உறையில் உள்ளதைப் படித்திருக்க வேண்டாமா? ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும்.

கேள்வி: உளுந்து போட்டால் அடுத்த நெல்லுக்கு யூரியாவே வேண்டாம் என்கிறார்களே? (தட்டோன்)

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. உளுந்து சேர்த்த நைட்ரஜனில் பெரும்பங்கு பருப்போடு மூட்டைக்குப் போய்விடும். செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது சொற்பம்தான். அடித்த பிறகு சக்கையையாவது வயலுக்கே திருப்புங்கள். மண்ணுக்காகவே போடுவதென்றால் சணப்பு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூ எடுக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அந்த விதையையும் மூட்டையாக வாங்குமுன் ஒரு பிடி கேட்டு வாங்கி, ஈரத்துணியில் கட்டி முளைக்கிறதா என்று பாருங்கள்.